கேட்ட ஆண்டும் கேளாத ஆண்டும்

மார்ச் மாதத்தில் இலண்டன் மாநகரின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் வந்து சேர்கிறது. ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை அவ்வீட்டார் செலுத்த வேண்டிய கவுன்சில் வரி எவ்வளவு என்பதை அது கூறும். எமது குடும்பங்களில் அதனைப் பிரிப்பவர்கள் முதலிற் பார்ப்பது மொத்தத் தொகையை. அடுத்துப் பார்ப்பது மாதத்துக்கு எவ்வளவு என்பதை. சென்ற ஆண்டிலும் கூடியிருந்தால் ஒரு பெருமூச்சு. அத்துடன் அக்கடிதம் மற்றைக் கடிதங்களோடு அடுக்கப்பட்டு விடுகிறது. இத்தொகையைத் தீர்மானித்தவர்கள் யார், எவரது சம்மதத்துடன் தீர்மானித்தார்கள் என்று கேட்பவர்கள் எம்மிடையே மிகச் சிலரே.

அந்தக் கேள்வியையே இவ்வாரம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். வரி விதிப்பதற்கு முன்னர் மக்களைக் கேட்க வேண்டும் என்று இந்நாட்டில் ஒரு சட்டம் இருக்கின்றது. அச்சட்டம் எப்போது பயன்பட்டது, எப்போது ஒதுக்கி வைக்கப்பட்டது என்பதை அறிந்தால், எம் கையிலுள்ள வாக்கின் பெறுமதியும் விளங்கும்.

ஊரில் மாநகரசபைக்கும் பட்டினசபைக்கும் ஆதனவரி செலுத்திய குடும்பங்களுக்கு இவ்வகை வரி புதிதன்று. ஆயினும் இங்குள்ள வரிக்குத் தனியொரு வரலாறு உண்டு. மாகிரட் தட்சர் அரசாங்கம் 1989இல் ஸ்கொட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வீட்டு வரியை ஒழித்து, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு வரியைக் கொண்டு வந்தது. அரசாங்கம் அதற்குச் சமூகக் கட்டணம் என்று பெயரிட்டது. மக்கள் அதைத் தலைவரி என்றே அழைத்தனர். செல்வந்தரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே தொகையைச் செலுத்தவேண்டி இருந்தது. 1990 மார்ச் 31ஆம் திகதி ட்ரபல்கர் சதுக்கத்தில் பெருங்கலவரம் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் தட்சர் பதவி விலகினார். 1993 ஏப்ரலில் தலைவரி நீங்கி, இன்றுள்ள கவுன்சில் வரி வந்தது.

தலைவரிக் காலத்தில் நடந்த ஒரு விடயம் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. வாக்காளர் இடாப்பிற் பெயர் இருந்தால் வரிகாரர் தேடி வந்துவிடுவர் என்று அஞ்சிப் பலர் தம் பெயரை இடாப்பில் இடாமலே விட்டனர். வரி மூன்றாண்டில் ஒழிந்து போயிற்று. ஆனால் இடாப்பிலிருந்து விலகிய பெயர் தானாகத் திரும்பி வருவதில்லை. வரியிலிருந்து தப்ப எண்ணியவர்கள் இழந்தது வாக்கையே.

இன்றைய கவுன்சில் வரி வீட்டின் பெறுமதியை வைத்துக் கணிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் அப்பெறுமதி 1991 ஏப்ரல் 1ஆம் திகதி அவ்வீடு என்ன விலை போயிருக்கும் என்ற கணிப்பாகும். அதன் பின்னர் மறுமதிப்பீடு நடைபெறவில்லை. 40,000 பவுணுக்கு மேற்படாத வீடு ஏ பிரிவு. 320,000 பவுணுக்கு மேற்பட்டது எச் பிரிவு. ஏ பிரிவினர் செலுத்துவதிலும் மூன்று மடங்கையே எச் பிரிவினர் செலுத்துவர். மாளிகை எத்தனை கோடி பெறினும் இவ்வரியின் மடங்கு மாறாது. ஆகவே கவுன்சில் வரி ஏறும்போது சிறு வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் மீதே அதன் பாரம் அதிகமாக விழுகிறது. எம்மவரில் மிகப் பலர் அத்தகைய குடும்பத்தினரே.

வரி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது எங்கே? ஒவ்வொரு ஆண்டும் பெப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ கவுன்சில் உறுப்பினர்கள் கூடி வரவு செலவுத் திட்டத்தின் மீது வாக்களிக்கின்றனர். அன்றிரவு எடுக்கப்படும் முடிவே சில வாரங்களில் பட்டியலாக எம் வீட்டுக்கு வருகிறது. பட்டியலின் ஒரு பகுதி இலண்டன் மேயரின் நிர்வாகத்துக்குச் செல்லும். பொலிஸ், தீயணைப்பு, போக்குவரத்து ஆகியன அதில் அடங்கும். மிகுதி அந்தந்தக் கவுன்சிலுக்கு உரியது. முதியோர் பராமரிப்பு, பாதுகாப்பு வேண்டி நிற்கும் பிள்ளைகள், வீடற்றோருக்கான தற்காலிக இருப்பிடம், குப்பை அகற்றல், நூலகம் எல்லாம் அதிலிருந்தும் மத்திய அரசாங்கம் கொடுக்கும் பணத்திலிருந்துமே நடைபெற வேண்டும்.

இவ்வரவு செலவுத் திட்டத்தை நேரே மக்களிடம் கொண்டு செல்லும் முயற்சி 1990களின் இறுதியில் ஆரம்பமாயிற்று. 1999இல் மில்ரன் கீன்ஸ் கவுன்சில் தன் மக்கள் முன் மூன்று தெரிவுகளை வைத்தது. வரியை 5 வீதம் கூட்டுவதா, 9.8 வீதம் கூட்டுவதா, 15 வீதம் கூட்டுவதா? தபாலிலும் தொலைபேசியிலும் வாக்களிக்கலாம் என்றனர். வாக்காளரில் ஏறக்குறைய 45 வீதத்தினர் பங்குபற்றினர். மக்கள் மிகக் குறைந்த தொகையைத் தெரிவார்கள் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 9.8 வீதமே முதலிடம் பெற்றது. ஒவ்வொரு தெரிவுக்கும் எந்தச் சேவை நிற்கும், எந்தச் சேவை போகும் என்று மக்களுக்கு விளக்கப்பட்டிருந்தது இதற்கு ஒரு காரணம்.

ஈராண்டுகளின் பின், 2001 பெப்ரவரியில், பிறிஸ்ரல் நகரம் அவ்வாறே கேட்டது. வரியைக் கூட்டாமலே விடுதல், 2 வீதம், 4 வீதம், 6 வீதம் என நான்கு தெரிவுகள். வரி கூடாவிடில் கல்விச் செலவில் வெட்டு விழும் என்றும் அறிவிக்கப்பட்டது. வாக்களித்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் கூட்ட வேண்டாம் என்றனர். வாக்களிக்க வந்தோர் நாற்பது வீதமளவில் இருந்தனர். பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வறிய குடும்பங்கள் இந்நாட்டுத் தேர்தல்களில் வழமையாகவே குறைவாக வாக்களிப்பவை. வெட்டு எங்கு விழும் என்பதை வராதோரும் சேர்ந்தே தீர்மானித்து விடுகின்றனர்.

அதே மாதத்தில் இலண்டனிலும் இவ்வாக்கெடுப்பு நடந்தது. இடம் குறொய்டன். எம்மவர் கடைகளும் கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் நிறைந்த பகுதி அது. 2 வீதமா, 3.5 வீதமா, 5 வீதமா என்று கேட்கப்பட்டது. வாக்களித்தோரில் 56 வீதத்தினர் 2 வீதத்தைத் தெரிந்தனர். வாக்களிக்க வந்தவர்கள் மூவரில் ஒருவர் என்ற அளவினரே.

மேற்சொன்ன மூன்றும் கவுன்சில்கள் தாமாக விரும்பிக் கேட்டவை. 2011ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் இதனைக் கட்டாயமாக்கிற்று. மத்திய அமைச்சர் ஆண்டுதோறும் ஓர் எல்லை வகுப்பார். அவ்வெல்லைக்கு மேல் வரியைக் கூட்ட விரும்பும் கவுன்சில் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி மக்களின் அனுமதியைப் பெற வேண்டும். இரண்டு வரவு செலவுத் திட்டங்களை ஆயத்தப்படுத்த வேண்டும். மக்கள் மறுத்தால் குறைந்த திட்டமே நடைமுறைக்கு வரும். 2023ஆம் ஆண்டு தொடக்கம் இலண்டன் கவுன்சில்களுக்கு அவ்வெல்லை 5 வீதம் என்றாயிற்று. பொதுச் செலவுக்கு 3 வீதம், முதியோர் மற்றும் வலுக்குறைந்தோர் பராமரிப்புக்கு 2 வீதம் என்று அது பிரியும்.

இச்சட்டத்தின் கீழ் வாக்கெடுப்பு வரை சென்றது பெட்போட்ஷயர் மட்டுமே. அப்பகுதியின் பொலிஸ் ஆணையாளர் ஒலி மாட்டின்ஸ், பொலிசுக்கான வரியை 15.8 வீதம் கூட்ட வேண்டும் என்றார். நூறு பொலிசாரை மேலதிகமாக நியமிப்பது அவரது நோக்கம். நடுத்தரப் பிரிவு வீட்டுக்கு வாரத்துக்கு 48 பென்ஸ் கூடும். 2015 மே 7ஆம் திகதி, பொதுத் தேர்தல் நாளன்றே, வாக்கெடுப்பு நடந்தது. 69.5 வீதத்தினர் மறுத்து விட்டனர். அதற்குள் கூட்டிய வரிக்கான பட்டியல்கள் வீடுகளுக்குச் சென்றிருந்தபடியால், திருத்திய பட்டியல்களை மறுபடி அனுப்ப நேர்ந்தது. அச்செலவும் மக்கள் பணமே.

இதனைக் கண்ட கவுன்சில்கள் பாடம் படித்துக்கொண்டன. 2017இல் 15 வீத உயர்வை மக்கள் முன் வைக்கப்போவதாக அறிவித்த சரே மாவட்டக் கவுன்சில், வாக்கெடுப்புக்கு முன்னரே அதனைக் கைவிட்டது. மற்றையவை எல்லைக்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்று கொள்கின்றன. 4.99 வீதம் என்ற எண்ணை உங்கள் பட்டியலிற் கண்டிருப்பீர்கள். ஊரில் பாட்டா சப்பாத்துக் கடையின் விலைச்சீட்டு நூறு ரூபாவைத் தொடாமல் சதக் கணக்கில் நின்றதைப் போன்றதே இதுவும். ஐந்து வீதமானால் மக்களைக் கேட்க வேண்டும், 4.99 வீதமானால் கேட்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் கேட்காமலே ஏறிய 4.99 வீதங்கள் சில ஆண்டுகளிற் சேர்ந்து, எவரும் கேட்கத் துணியாத பெருந்தொகை ஆகிவிடுகின்றன.

இப்போது மீண்டும் குறொய்டனுக்கு வருவோம். 2020 நவம்பரில் குறொய்டன் கவுன்சில், இனிப் புதிய செலவு எதனையும் செய்ய இயலாது என்று சட்டபூர்வமாக அறிவித்தது. எமது பேச்சு வழக்கிற் சொன்னால் வங்குரோத்து. கவுன்சில் தானே தொடங்கிய வீடு கட்டும் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 20 கோடி பவுண் கடனாகக் கொடுத்திருந்தது. 2018இல் ஏறத்தாழ 3 கோடி பவுணுக்கு ஒரு விடுதியையும் வாங்கியிருந்தது. இவற்றைப் பற்றிக் கணக்காய்வாளர் எழுதிய கடும் அறிக்கை 2020 ஒக்டோபரில் வெளியாயிற்று. 2022 நவம்பரில் கவுன்சில் மீண்டும் அதே அறிவித்தலை விடுத்தது.

2023இல் வந்தது தீர்வு. குறொய்டனுக்கு மட்டும் எல்லையை 15 வீதம் வரை உயர்த்த மத்திய அரசாங்கம் இணங்கிற்று. எல்லையே உயர்ந்தபடியால் சர்வசன வாக்கெடுப்புக்குத் தேவை இருக்கவில்லை. கவுன்சில் கூட்டத்தில் வரவு செலவுத் திட்டம் முதலில் நிராகரிக்கப்பட்டு, சில நாட்களில் மறுபடி கூடி நிறைவேற்றப்பட்டது. வரி உயர்வு 14.99 வீதம். மிக வறிய குடும்பங்களின் துன்பத்தைத் தணிக்க 20 இலட்சம் பவுண் நிதியொன்று ஒதுக்கப்பட்டது.

இரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2001இல் வேறுபாடு 2 வீதத்துக்கும் 5 வீதத்துக்கும் இடைப்பட்டது, மக்களைக் கேட்டார்கள். 2023இல் வரி 15 வீதம் ஏறிற்று, மக்களைக் கேட்கவில்லை. சிறிய தொகைக்குக் கேட்டவர்கள் பெரிய தொகைக்குக் கேட்காமல் விட்டனர். கேட்டிருந்தால் மக்கள் மறுத்திருப்பார்கள்; மறுத்தால் கவுன்சில் நடவாது என்பது அவர்கள் கூறிய நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கடன் வாங்கிய காலத்திலும் விடுதி வாங்கிய காலத்திலும் மக்களைக் கேட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்ற கேள்விக்கு அந்நியாயம் விடை தராது.

குறொய்டன் தனித்த ஒன்றன்று. 2025 ஏப்ரலில் நியூஹாம் கவுன்சில் வரியை 9 வீதமளவில் கூட்ட அரசாங்கம் சிறப்பு அனுமதி வழங்கியது. ஈஸ்ற்ஹாம், மனோபார்க் பகுதிகளில் வாழும் எமது குடும்பங்கள் அதனைத் தம் பட்டியலில் உணர்ந்தன. வீடற்ற குடும்பங்களுக்குத் தற்காலிக இருப்பிடம் கொடுக்கும் செலவு கட்டுக்கடங்காமற் போனதே பெருங்காரணம் என்று கவுன்சில் கூறிற்று. அத்தற்காலிக இருப்பிடங்களில் வாழ்வோரில் அகதிக் குடும்பங்களும் உள்ளன. வரியைச் செலுத்துவதிலும் நாம் இருக்கின்றோம். அதனாற் கிடைக்கும் சேவையிலும் நாம் இருக்கின்றோம். தீர்மானிக்கும் இடத்தில் மட்டுமே நாம் இல்லை.

சர்வசன வாக்கெடுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் மூத்தோருக்கு 1982 டிசம்பர் 22ஆம் திகதி நினைவுக்கு வரும். பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீடிக்கலாமா என்று இலங்கை அரசாங்கம் மக்களைக் கேட்டது. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். யாழ் மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்கே வாக்களித்தது. நாடளாவிய முடிவு விளக்குக்குச் சாதகமாயிற்று. நடைபெறவேண்டிய பொதுத் தேர்தல் நடைபெறாமற் போயிற்று. மக்களைக் கேட்பது போலக் கேட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடும் வழிமுறையை நாம் அன்றே கண்டோம். எனவே வாக்கெடுப்பு என்ற பெயரைக் கண்டதும் அது மக்களாட்சி என்று மயங்குதல் வேண்டாம். கேள்வியை எழுதியவர் யார், எப்போது கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார் என்பவற்றையும் பார்த்தல் வேண்டும்.

உள்ளூராட்சித் தேர்தலின் மீது எம்மவர்க்கு ஆர்வம் குறைந்திருப்பதற்கும் ஊரிலேயே ஒரு காரணம் உண்டு. 1983 மே மாதத்துக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 1998 ஜனவரியிலேயே நடந்தது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்து வந்த ஒரு தலைமுறை, தம் வீதிக்கும் சந்தைக்கும் பொறுப்பானவரைத் தாமே தெரிவு செய்யும் பழக்கம் இல்லாமலே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. 2023இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணம் இல்லை என்ற காரணம் கூறி ஒத்தி வைக்கப்பட்டது. அவ்வாறு தேர்தலை நடத்தாது விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நடந்தது. வரவு செலவுத் திட்டத்தில் வாக்குக்குப் பணம் ஒதுக்காமல் விடுவதும் வாக்கைப் பறிக்கும் ஒரு வழிதான்.

சுவிற்சர்லாந்தில் வாழும் உறவினர்களைக் கேட்டால் வேறொரு கதை சொல்வார்கள். அங்கே பல ஊர்களில் குடிமக்கள் கூட்டம் கூடிக் கையுயர்த்தி வரி வீதத்தைத் தீர்மானிக்கிறது. முதியோர் ஓய்வூதிய நிதிக்காக விற்பனை வரியை 7.7 வீதத்திலிருந்து 8.1 வீதத்துக்கு உயர்த்தும் விடயம் 2022 செப்டெம்பர் 25ஆம் திகதி நாட்டு மக்களின் வாக்குக்கு விடப்பட்டது. 55 வீதத்தினர் உடன்பட்டு, 2024 ஜனவரி முதல் உயர்வு நடைமுறைக்கு வந்தது. விளக்கம் கிடைத்தால் மக்கள் வரிக்கும் சம்மதிப்பார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. ஆனால் அங்கு பெரும்பாலான மாநிலங்களில் பிரஜாவுரிமை பெற்றோர்க்கு மட்டுமே வாக்கு. இருபது ஆண்டுகள் வரி செலுத்தியும் வாக்கில்லாமல் வாழ்ந்த எம்மவர் அங்கு பலர். அங்கே கேள்வி உண்டு, பலருக்கு வாக்கில்லை. இங்கே வாக்கு உண்டு, கேள்வி இல்லை.

நேரடி வாக்கெடுப்பே எல்லாவற்றுக்கும் மருந்து என்று எண்ணுவோர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தையும் பார்க்க வேண்டும். 1978 ஜூன் 6ஆம் திகதி அங்குள்ள மக்கள் பதின்மூன்றாம் முன்மொழிவை மூன்றில் இரு பங்குக்குச் சற்றே குறைந்த பெரும்பான்மையால் நிறைவேற்றினர். ஆதனவரி பெறுமதியில் 1 வீதத்துக்கு மேற் செல்லலாகாது. மதிப்பீடு ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேற் கூடலாகாது. வீடு கைமாறினால் மட்டுமே புதிய விலை கணக்கிற் கொள்ளப்படும். நெடுங்கால வீட்டுக்காரருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் ஒரே வீதியில் ஒரே அளவான இரு வீடுகளில், பின்னர் வந்து வாங்கியவர் பன்மடங்கு வரி செலுத்துகிறார். உள்ளூர்ச் சபைகளின் வருவாய் சுருங்கியதால், பாடசாலைகளுக்கான பணத்தைப் பங்கிடும் அதிகாரம் மாநிலத் தலைநகருக்குச் சென்றது. ஒரு நாள் வாக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சி செய்கிறது. பின்னர் வந்து குடியேறியவர்கள், தாம் வாக்களிக்காத முடிவின் சுமையைத் தாங்குகின்றனர்.

இவ்வளவையும் கூறியதன் காரணம் இனி வரும் விடயமே. இந்நாட்டிலுள்ள தமிழ் அகதிகளுக்குப் பிற அகதிகள் பலருக்கு இல்லாத ஓர் உரிமை இருக்கின்றது. இலங்கை பொதுநலவாய நாடு. பொதுநலவாய நாட்டுப் பிரஜை ஒருவர் இந்நாட்டில் வதிவதற்கான அனுமதி பெற்றிருந்தால், பிரித்தானியப் பிரஜாவுரிமை பெறுவதற்கு முன்னரே இங்கு நடக்கும் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். அகதி அந்தஸ்து பெற்றவருக்கும் அது பொருந்தும். செல்லுபடியாகும் இலங்கைக் கடவுச்சீட்டு கையில் இல்லை என்பது இதற்குத் தடையன்று. சோமாலியாவிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ வந்த அகதி, பிரஜாவுரிமை கிடைக்கும் வரை இவ்வுரிமைக்காகக் காத்திருக்க வேண்டும். எம்மவரில் எத்தனை பேர் நிரந்தர வதிவிடமும் பெற்ற பின்னர், கடவுச்சீட்டு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து விடுகின்றனர்!

சிலர் கவனிக்க வேண்டியவையும் உள்ளன. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு கிடைக்காமல், வதிவதற்கான அனுமதி எதுவும் இல்லாதிருப்போர் பதிவு செய்ய முடியாது. தெரியாமலும் செய்து சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டுடன் ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து இங்கு வந்து குடியேறியோருக்கு உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குரிமை உண்டு; ஆனால் 2024 மே 7ஆம் திகதிக்குப் பின், 2020 டிசம்பர் 31க்கு முன்னரே இங்கு சட்டபூர்வமாக வாழ்ந்து வருபவர்களுக்கு மட்டுமே அது நிலைத்தது. டென்மார்க் நாட்டவர்க்கு அந்நாட்டுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் பிரஜாவுரிமையை மட்டும் உடையவர்களுக்கு வாக்கில்லை.

பதிவதில் எம்மவர்க்கு இருக்கும் அச்சம் ஒன்று, பெயரும் முகவரியும் கண்டவர் கைக்கும் போய்விடும் என்பது. இடாப்பில் இரு பிரதிகள் உண்டு. விலைக்கு வாங்கக்கூடிய திறந்த பிரதியில் என் பெயர் வேண்டாம் என்று பதியும்போதே குறித்து விடலாம். வாக்குரிமை அதனாற் பாதிக்கப்படாது. உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் பெயர் வெளிவராமற் பதியவும் வழியுண்டு. 2023ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்தில் வாக்குச் சாவடிக்குப் புகைப்பட அடையாளம் கொண்டு செல்ல வேண்டும். பிரித்தானிய அல்லது பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோருக்கான இலவசப் பயண அட்டை ஆகியன ஏற்கப்படும். இவை எதுவும் இல்லாதோர் இலவசமாக வாக்காளர் அடையாளச் சான்றிதழ் பெறலாம். பிள்ளைகள் பதினாறு வயதிலேயே பதிந்து வைத்துக்கொண்டு, பதினெட்டில் வாக்களிக்கலாம்.

வரியைக் கூட்டுவோருக்கு வாக்களியுங்கள் என்றோ குறைப்போருக்கு வாக்களியுங்கள் என்றோ இப்பத்தி கூறாது. அது அவரவர் குடும்பக் கணக்கையும் மனச்சாட்சியையும் பொறுத்தது. முதியவரைப் பராமரிக்கும் வீட்டுக்கும், இரு வேலை பார்த்துத் தனி அறையில் வாழும் இளைஞனுக்கும் கணக்கு ஒன்றாகாது. ஆனால் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய சில கேள்விகள் எல்லோருக்கும் பொதுவானவை. கவுன்சிலின் கடன் எவ்வளவு? ஆண்டுக்கு வட்டி எவ்வளவு? வரி கூடாவிடில் எந்தச் சேவை நிற்கும்? வரி கூடினால் வருவாய் குறைந்த குடும்பத்துக்கு என்ன சலுகை?

கடைசிக் கேள்வி எம்மவர்க்கு மிக முக்கியமானது. 2013 ஏப்ரல் வரை வறியவர்க்கான கவுன்சில் வரி உதவி நாடு முழுவதும் ஒரே விதியின்படி வழங்கப்பட்டது. அதன் பின்னர் இங்கிலாந்தில் ஓய்வூதிய வயதினருக்கு மட்டுமே தேசிய விதி தொடர்ந்தது. உழைக்கும் வயதினருக்கு எவ்வளவு கழிவு என்பதை அந்தந்தக் கவுன்சில் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே வருமானமுள்ள இரு குடும்பங்கள், வீதியின் இரு பக்கத்தில் இரு கவுன்சில்களின் கீழ் வாழ்ந்தால், ஒன்று வரி செலுத்தாதிருக்கவும் மற்றது செலுத்தவும் நேரலாம். இத்திட்டத்தை மாற்றுவதற்கு முன் கவுன்சில் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அக்கருத்தறியும் படிவங்களை நிரப்புவதற்கு வாக்குரிமையும் தேவையில்லை. எமது சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் கலை விழாவுக்கு மண்டபம் தேடும் அக்கறையிற் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால், அப்படிவங்களில் எமது குடும்பங்களின் குரலும் பதியும்.

எமது ஒரு சில வாக்குகளால் என்ன ஆகும் என்று கேட்போருக்குக் குறொய்டனே விடை கூறும். மேயரை நேரடியாகத் தெரிவு செய்யும் முறை வேண்டுமா என்று 2021 ஒக்டோபர் 7ஆம் திகதி அங்கு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளரில் ஐவரில் ஒருவர் என்ற அளவினரே வந்தனர்; வந்தவர்களில் எண்பது வீதத்தினர் வேண்டும் என்றனர்; ஆட்சி முறையே மாறிற்று. 2022 மே மாதம் நடந்த முதலாவது மேயர் தேர்தலில் ஜேசன் பெரி தமக்கு அடுத்து வந்தவரை வென்றது 589 வாக்குகளால். அவர் பதவியில் இருந்தபோதே 2023இன் வரி உயர்வு வந்தது. மற்றவர் வென்றிருந்தால் வரி கூடியிராது என்று எவரும் கூற இயலாது. ஆனால் அக்கட்டத்தை எவர் கையாள்வது என்பதை 589 பேர் தீர்மானித்தனர். குறொய்டனில் எமது ஒரு கோயிலின் தேர்த் திருவிழாவுக்குத் திரள்வோர் அதனிலும் பல மடங்கினர்.

இலண்டன் கவுன்சில் தேர்தல்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவை, 2022, 2026 என்ற வரிசையில், மே மாதத்தில் வருகின்றன. வாக்களிப்பு நாளுக்குப் பன்னிரண்டு வேலை நாட்களுக்கு முன் பெயர் பதிந்திருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் புதிய முகவரியில் மறுபடி பதிய வேண்டும். அடிக்கடி வீடு மாறும் எம்மவர் மறப்பது இதையே. இடைத்தேர்தல் எந்த மாதத்திலும் வரக்கூடும். ஆதலால் தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல், வதிவிட அனுமதி கிடைத்த அன்றே பதிந்து கொள்வது நல்லது. கவுன்சில் எம்மைக் கேட்டாலும் கேளாது விட்டாலும், எமது பதிலைச் சொல்வதற்கான இடம் இடாப்பில் எமக்காகக் காத்திருக்கின்றது.